ஒரே சாம்பல் நூல், கரைக்குக் கரை வேறு நிறமாகத் தெரிகிறது: சாயத்தில் கோளாறா?

தறிநிழல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காஞ்சிபுரத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சில பட்டுத் தறிகள் இருக்கின்றன. அப்பாவும் சித்தப்பாவும் நெய்கிறார்கள். எந்த உடலுக்கு எந்தக் கரை என்று முடிவு செய்வது, வண்ண அட்டை தயாரிப்பது, கடைகளுக்குப் படம் அனுப்புவது ஆகியவை என் பொறுப்பு.

அண்மையில் ஒரு கடைக்காகச் சாம்பல் நிற உடலில் இரண்டு கோர்வைச் சேலைகள் (உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து கோப்பவை) நெய்து கொடுத்தோம். ஒன்றுக்கு அகலமான அரக்குக் கரை, அதே நிறத்தில் முந்தி. மற்றதற்கு ஆழ்ந்த நீலக் கரையும் முந்தியும். இரண்டு உடல்களுக்கும் பட்டு நூல் ஒன்றுதான். ஒரே நாளில், ஒரே தொட்டியில் தோய்த்தது. பாவிலும் (நீள இழை) அதுதான், ஊடையிலும் (குறுக்கு இழை) அதுதான்.

கடையிலிருந்து இரண்டும் திரும்பி வந்துவிட்டன. அரக்குக் கரைச் சேலையின் உடலில் பச்சை தட்டுகிறதாம். நீலக் கரைச் சேலையின் உடல் பழுப்பாக இருக்கிறதாம். “ஒரே சாம்பல் கேட்டோம், இரண்டு சாம்பல் அனுப்பியிருக்கிறீர்கள்” என்கிறார்கள். விரித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் கரையை உள்ளே மடித்துவிட்டு உடலோடு உடலை ஒட்டி வைத்தால் துளி வேறுபாடு இல்லை.

சித்தப்பா சாயக்காரர் மேல் கோபமாக இருக்கிறார். அவர் எங்கள் தாத்தா காலத்திலிருந்து எங்களுக்குச் சாயம் போட்டுத் தருபவர். அவர் மேல் இந்தப் பழி விழுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இது ஏன் நடக்கிறது? தறியில் ஏற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வெயில்முற்றம்

முதலில் விளக்கைப் பாருங்கள். கடைக்குள் இருக்கும் எல்இடி ஒளி வேறு, உங்கள் வீட்டு முற்றத்து வெயில் வேறு. வெவ்வேறு சாயங்களைக் கலந்து செய்த இரண்டு சாம்பல்கள் வெயிலில் ஒன்றாகத் தெரிந்து, விளக்கொளியில் பிரிந்துவிடும். துணி ஏற்றுமதியில் நாங்கள் அன்றாடம் படும் பாடு இது. இரண்டு சேலைகளையும் ஒரே சன்னலின் அருகில், காலை நேரத்தில், நேர் வெயில் படாமல் விரித்துப் பாருங்கள். அப்போதும் வேறுபாடு தெரிந்தால் காரணம் வேறு.

---

தறிநிழல்

பார்த்துவிட்டேன் ஐயா. சன்னலோரத்திலும் அப்படியேதான் இருக்கிறது. மேலும் இது ஒரே தோய்ப்பு நூல் என்பதால் எந்த ஒளியிலும் இரண்டு உடல்களும் சேர்ந்தேதான் மாற வேண்டும், இல்லையா?

---

கரித்துண்டு

தம்பி, நீங்கள் சொல்வது சரி. உங்கள் சாயக்காரர் மேல் எந்தத் தவறும் இல்லை. அதை முதலில் உங்கள் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் ஓவிய மாணவர்களுக்கு வண்ணம் கற்பிப்பவள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் வண்ணம் பற்றி இன்று நாங்கள் வகுப்பில் சொல்லித் தருவதில் பெரும்பகுதி, ஒரு நெசவுக்கூடத்தில் சாயக்காரர் மேல் விழுந்த இதே பழியிலிருந்துதான் பிறந்தது.

பாரிஸில் கோப்லான் என்ற அரசு நெசவுக்கூடம் இருக்கிறது. சுவரை மறைக்கும் அளவுக்குப் பெரிய சித்திரத் திரைச்சீலைகளை நெய்யும் இடம். 1824-இல் அதன் சாயப் பிரிவுக்கு மிஷேல் ஷெவ்ரெல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். கொழுப்பு அமிலங்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். அவரிடம் ஒரு புகார் வந்தது: நீலம், ஊதா ஆடைகளின் மடிப்புகளில் நிழலுக்காக வைக்கும் கறுப்புக் கம்பளி நூல் உரமில்லாமல் இருக்கிறது, சாயம் சரியில்லை. ஷெவ்ரெல் பிரான்சிலும் வெளிநாடுகளிலும் பேர்பெற்ற பட்டறைகளின் கறுப்பு நூலை வரவழைத்துத் தம் கூடத்து நூலோடு ஒப்பிட்டார். தம்முடையது எதற்கும் குறைந்ததாக இல்லை. கறுப்பைக் கெடுத்தது அருகில் இருந்த நீலமும் ஊதாவும்தான் என்று அவருக்குப் புரிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் நிறத்துக்குப் பக்கத்தில் நிறம் வைத்துச் சோதித்து, 1839-இல் அதை ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். ஒரு வேதியியலாளர் “சாயத் தொட்டியில் ஒன்றுமில்லை, பார்க்கும் கண்ணில் இருக்கிறது” என்று ஒப்புக்கொண்டு அந்த வழியில் போனாரே, அதை நினைக்கும்போதெல்லாம் அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

அந்த நூலில் உங்களுக்காகவே எழுதியதுபோல் ஒரு செய்தி உண்டு. துணி வணிகர்கள் சிவப்பு, ஊதா, நீலத் துணிகளைக் கொடுத்துக் கறுப்புப் பூ வேலை போட்டு வாங்கினார்கள். வந்து பார்த்தால் சிவப்புத் துணியின் மேல் இருந்த கறுப்பு பச்சையாகத் தெரிந்தது. ஊதாவின் மேல் இருந்தது பசுமஞ்சள் கலந்த கருமையாகவும், நீலத்தின் மேல் இருந்தது செம்பு நிறமாகவும் தெரிந்தன. வேலை செய்தவர்கள் கறுப்பில் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை. ஷெவ்ரெல் தாளை வெட்டித் துணியின் நிலத்தை மூடி, பூக்கள் மட்டும் தெரியும்படி காட்டினார். எல்லாம் ஒரே கறுப்பு. நீங்கள் கரையை மடித்து உடலோடு உடலை ஒட்டிப் பார்த்தீர்களே, அதேதான்.

காரணம் இதுதான். கண் ஒரு நிறத்தைத் தனியாக அளப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. சிவப்பின் அருகில் இருக்கும் எதையும் சிவப்பின் எதிர் நிறமான பச்சையின் பக்கம் தள்ளுகிறது. நீலத்தின் அருகில் இருப்பதை ஆரஞ்சின் பக்கம் தள்ளுகிறது. சாம்பலில் அது பழுப்பாகத் தெரியும். இருட்டின் அருகில் இருப்பது வெளுக்கும், வெளுப்பின் அருகில் இருப்பது கறுக்கும். சாம்பலுக்குச் சொந்தமாக ஒரு பக்கம் இல்லாததால் அது எந்தத் தள்ளுக்கும் இணங்கிவிடுகிறது. சந்தன நிறம், பாதாம் நிறம், வெளிறிய பச்சை எல்லாம் இப்படித்தான். நல்ல கெட்டியான மஞ்சளையோ அரக்கையோ இவ்வளவு எளிதில் அசைக்க முடியாது.

தறிக்கு முன்பே கண்டுபிடிக்க வழி கேட்டீர்கள். வெள்ளை அட்டையில் நூலைச் சுற்றித் தனித்தனியாகப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். உடல் நிறமும் கரை நிறமும் சேலையில் எந்த விகிதத்தில் வருமோ அந்த விகிதத்தில் ஒட்டி வைத்துப் பாருங்கள். ஒரு சாண் அகலத்துக்கு அரக்கு, அதன் பக்கத்தில் இரண்டு சாண் சாம்பல். சாயத்துணி இல்லையென்றால் வண்ணத்தாள் போதும். யோசெஃப் ஆல்பர்ஸ் என்ற ஓவியர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குத் தூரிகையைக் கொடுக்காமல் வண்ணத்தாளைக் கொடுத்தே இதையெல்லாம் சொல்லித்தந்தார். ஒரே தாளிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளை இரண்டு வேறு நிறங்களின் மேல் வைத்து, அவை இரண்டு வேறு தாள்கள் என்று பார்ப்பவர் சத்தியம் செய்யும் அளவுக்குக் காட்ட வேண்டும், அதுதான் பயிற்சி. அவர் மனைவி ஆன்னி ஆல்பர்ஸ் பெரிய நெசவுக் கலைஞர்.

இன்னொரு சோதனை. கரை நிறத் தாளின் மேல் சாம்பல் தாளில் ஒரு பட்டையை வெட்டி வையுங்கள். அதன் மேல் முழுவதும் மெல்லிய பட்டர் பேப்பரைப் போர்த்துங்கள். நிறங்கள் மங்கிவிடும், ஆனால் சாம்பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்த வழி இது.

சரிசெய்வது எப்படி? கண் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சாயத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். அரக்குக் கரைக்குப் போகும் சாம்பலில் சிவப்பைச் சிறிது சேர்க்கச் சொல்லுங்கள். நீலக் கரைக்குப் போகும் சாம்பலில் நீலத்தைச் சிறிது. தனியாகப் பார்த்தால் இரண்டும் வேறு சாம்பல்கள். சேலையில் சேர்ந்தால் கடைக்காரர் கேட்ட “ஒரே சாம்பல்” கிடைக்கும்.

---

மூன்றுநாடா

தம்பி, நான் கோர்வை நெய்து ஓய்ந்தவன். அம்மா சொன்னதைப் படித்தேன், கரையும் உடலும் சேரும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நீங்கள் கரையையும் உடலையும் நேராக மோத விட்டீர்களா, நடுவே ஜரிகை ஓடியதா? எங்கள் காலத்தில் முறைத்துக்கொள்ளும் இரண்டு நிறங்களுக்கு நடுவில் ஜரிகைக் கோடு ஒன்றை ஓட்டிவிடுவோம். அழகுக்காகத்தான் என்று வெளியார் நினைப்பார்கள். அது இல்லாவிட்டால் உடல் நிறம் கரையோரத்தில் கலங்கித் தெரியும். கோபுரக் கரை வைத்தால் இன்னும் கலங்கும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு பல்லிலும் கரை நிறம் உடலுக்குள் ஏறி நிற்கிறது.

ஆனால் அம்மாவிடம் ஒரு கேள்வி. சாம்பல் உடலில் மெல்லிய சிவப்பு இழைகளால் கட்டம் போட்டுப் பல சேலைகள் நெய்திருக்கிறேன். நீங்கள் சொல்வதுபோலப் பார்த்தால் அந்தச் சாம்பலில் பச்சை தட்ட வேண்டும். தட்டியதே இல்லை. ரோஜா நிறம்தான் ஏறித் தெரிந்தது. நேர் எதிராக அல்லவா இருக்கிறது?

---

கரித்துண்டு

ஐயா, நன்றி. பலர் எதிர் நிறங்களை எதிரெதிரே காட்டும் வண்ணச் சக்கரத்தை மனப்பாடம் செய்துவிட்டு இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நீங்கள் தறியில் பார்த்தது உண்மை.

ஜரிகைக் கோடு பற்றி நீங்கள் சொன்னதும் உண்மை. இரண்டு நிறங்களுக்கு நடுவில் தெளிவான கோடு ஒன்று வந்தால் ஒன்றையொன்று தள்ளும் வேகம் குறைகிறது. பட்டர் பேப்பர் சோதனையிலேயே சாம்பல் பட்டையைச் சுற்றிப் பேனாவால் கறுப்புக் கோடு இழுத்துப் பாருங்கள், சாயல் தணிந்துவிடும்.

இனிக் கட்டத்துக்கு வருகிறேன். நிறங்கள் அகலமாக அடுத்தடுத்து இருந்தால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. மெல்லிய கோடுகளாக ஊடுருவினால் ஒன்றையொன்று தன் பக்கம் இழுக்கின்றன. ஒரே சிவப்பு, ஒரே சாம்பல். சிவப்பு ஒரு சாண் கரையாக இருந்தால் சாம்பல் பச்சைக்குப் போகும், அதே சிவப்பு இழை இழையாக ஓடினால் சாம்பல் சிவப்புக்கு வரும். அகலம்தான் முடிவு செய்கிறது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபான் பெட்சோல்ட் என்ற இயற்பியலாளர் இதை 1874-இல் எழுதினார். அவர் கம்பள வடிவங்கள் வரைந்து பார்த்தவர். ஒரே ஒரு நிறத்தை மாற்றினால் கம்பளம் முழுவதும் வேறாகிவிடுவதைக் கண்டார். பூவைச் சுற்றிய மெல்லிய கோடு வெள்ளையாக இருந்தால் எல்லா நிறமும் வெளுக்கிறது, கறுப்பாக இருந்தால் எல்லாமே கறுக்கிறது. தள்ளும் விதிப்படி நேர்மாறாக நடந்திருக்க வேண்டும்.

சந்தையில் வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையைப் பாருங்கள். வலையின் இழைகள் மெல்லியவை. உள்ளே இருக்கும் வெங்காயம் தன் நிறத்தைவிடச் சிவந்து தெரிகிறது. வெளியே எடுத்துக் கொட்டினால்தான் அதன் நிறம் தெரியும்.

நம் நெசவில் இன்னும் ஒரு படி கீழேயும் போகிறோம். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் வைத்து நெய்யும்போது இழைகளைக் கண்ணால் பிரிக்கவே முடியாது. அங்கே தள்ளுவதும் இல்லை இழுப்பதும் இல்லை, இரண்டும் கலந்துவிடுகின்றன. மயில்கழுத்து நிறம் அப்படி ஒளிர்வதற்கு ஒரு காரணம், நீலமும் பச்சையும் வண்ணச் சக்கரத்தில் அண்டை வீட்டுக்காரர்கள், கலந்தாலும் மங்குவதில்லை. எதிர் நிறங்களின் இழைகளை அப்படிக் கலந்தால் ஒன்றையொன்று தின்று சாம்பலாகிவிடும் என்று ஷெவ்ரெலும் கோப்லான் நெசவாளர்களை எச்சரித்திருக்கிறார். அகலக் கரையில் ஒன்றையொன்று கொளுத்திவிடும் சிவப்பும் பச்சையும், இழையளவில் ஒன்றையொன்று அணைத்துவிடும்.

---

தறிநிழல்

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. தாள் வெட்டிப் பார்த்தேன். அரக்கின் மேல் வைத்த சாம்பல் துண்டு பச்சையாகத் தெரிகிறது என்று சித்தப்பாவே சொன்னார். துண்டை நகர்த்தி நகர்த்தித் திரும்பத் திரும்பப் பார்த்தார். சாயக்காரரைப் பார்க்க அவரே கிளம்பிவிட்டார்.

ஒரு சந்தேகம். எவ்வளவு மெல்லியதாக இருந்தால் இழுக்கும், எவ்வளவு அகலமானால் தள்ளும்? அங்குலக் கணக்கு ஏதாவது உண்டா?

---

கரித்துண்டு

அங்குலக் கணக்கு கேட்காதீர்கள் தம்பி, அது பார்க்கும் தூரத்தைப் பொறுத்தது. கையில் வைத்துப் பார்க்கும்போது விரல் அகலக் கோடு அகலமானதுதான். கல்யாண மண்டபத்தில் எதிர் வரிசையிலிருந்து பார்க்கும்போது அதே கோடு மெல்லிய இழை. ஆகவே மாதிரித் துண்டைச் சுவரில் மாட்டிவிட்டு மூன்று தூரங்களில் நின்று பாருங்கள்: கடையில் மேசை மேல் விரித்துப் பார்க்கும் தூரம், கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்க்கும் தூரம், மண்டபத்தில் மற்றவர்கள் பார்க்கும் தூரம். மூன்றிலும் உடல் நிறம் ஒரே பக்கம் சாய்ந்தால் பயமில்லை. ஒரு தூரத்தில் பச்சைக்கும் இன்னொன்றில் சிவப்புக்கும் போகிறதென்றால் கோட்டின் அகலத்தை மாற்றுங்கள்.

அதே துண்டைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாகவும் எடுங்கள். கரையும் உடலும் படத்தில் ஒரே கருமையாகக் கலந்துபோனால் கவனம் தேவை. நிறம் எவ்வளவு வேறாக இருந்தாலும் வெளிச்சத்தின் அளவு சமமாகிவிட்டால் எல்லைக்கோடு நிலைகொள்ளாமல் துடிக்கும். அங்கே ஜரிகைக் கோடு கட்டாயம்.

---

திரைவெளிச்சம்

இணையதளங்களுக்கு வடிவமைப்பு செய்பவன் நான். தறிநிழல், கடைகளுக்குப் படம் அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். எந்தப் பின்னணியில் வைத்து எடுக்கிறீர்கள்? தூய வெள்ளைப் பின்னணியில் சேலை இருண்டு தெரியும், கறுப்புப் பின்னணியில் வெளுத்துத் தெரியும். மரப்பலகை, சிவப்புக் கம்பளம் எல்லாம் உங்கள் சாம்பலோடு விளையாடும். எல்லாச் சேலைகளுக்கும் ஒரே நடுத்தரச் சாம்பல் திரையைப் பின்னணியாக வையுங்கள். பக்கத்தில் ஒரு சிறு வெள்ளை அட்டையும் இருக்கட்டும். படத்தின் வெண்மையைச் சரிசெய்ய உதவும். அதோடு, இரண்டு சேலைகளின் உடலையும் கரை தெரியாமல் நெருக்கமாக எடுத்த படம் ஒன்றைச் சேர்த்து அனுப்பினால் பேச்சு வளராது.

---

தறிநிழல்

இதுவரை வாசல் திண்ணையில் வைத்துத்தான் எடுத்தேன், திண்ணை செங்காவி பூசியது! சாம்பல் துணித் திரை வாங்கிவிடுகிறேன்.

கடைக்காரரை நேரில் பார்த்துக் காட்டலாம் என்று அப்பா சொல்கிறார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. “உங்கள் கண்ணில் கோளாறு” என்று சொன்னதுபோல் ஆகிவிடக் கூடாது.

---

கரித்துண்டு

அவர் கண்ணில் கோளாறு இல்லை, நன்றாக வேலை செய்யும் கண்ணுக்குத்தான் இப்படித் தெரியும். அதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஒரு வெள்ளை அட்டையில் காசு அளவுக்கு இரண்டு ஓட்டைகள் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு சேலைகளையும் கரை தெரிய விரித்து, அவர் “வேறு வேறு” என்று சொல்லட்டும். பிறகு உடற்பகுதிகளை அருகருகே கொண்டுவந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சேலையின் சாம்பல் தெரியும்படி அட்டையை வையுங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை. ஷெவ்ரெலும் வணிகர்களிடம் வாதாடவில்லை, தாளை வெட்டி வைத்தார்.

அவர் தொழிலுக்கே உதவுகிற ஒரு செய்தியையும் சொல்லிவிட்டு வாருங்கள். ஷெவ்ரெல் எழுதியதுதான்: ஒருவருக்குப் பதினான்கு சிவப்புத் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால் கடைசி ஆறு ஏழு துணிகள் மங்கலாகத் தெரியும். துணியில் குறை இல்லை. சிவப்பையே பார்த்துப் பார்த்துக் கண் பச்சையைத் தேடத் தொடங்கிவிடுகிறது. ஐந்தாறு சிவப்புக்குப் பிறகு ஒரு பச்சைத் துணியை விரித்துக் காட்டினால் கண் பழைய நிலைக்கு வந்துவிடும். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த குடும்பத்துக்கு அரக்கையும் குங்குமச் சிவப்பையும் வரிசையாக விரிக்கும் விற்பனையாளருக்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பு இல்லை.

புதிய சாம்பலுக்குச் சாயக்காரரிடம் ஒரே மாதிரி கேட்காதீர்கள். சிவப்பு மிகக் குறைவு, அதைவிடக் கொஞ்சம் கூட, இன்னும் கொஞ்சம் கூட என்று மூன்று மாதிரிகள் போட்டுத் தரச் சொல்லுங்கள். மூன்றையும் அரக்குக் கரையோடு ஒட்டி வைத்துப் பார்க்கும்போது அவரும் உடன் இருக்கட்டும்.

---

மூன்றுநாடா

அம்மா, நாளை என் மகனிடம் சொல்லி அந்தக் கட்டம் போட்ட சேலை ஒன்றின் படத்தை இங்கே போடச் சொல்கிறேன். சாம்பல் திரையில் வைத்து எடுக்கச் சொல்கிறேன். தம்பி, அடுத்த கோர்வையில் ஜரிகையை மறந்துவிடாதீர்கள். மூன்று இழை போதும்.